தோசைக்கல் சுட்ட ஒரு விநாடி: நரம்பு எப்படி வேலை செய்கிறது?

ரத்தப் பரிசோதனைக்குப் போயிருப்பீர்கள். முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, விரலால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "நரம்பே கிடைக்கலீங்களே, கையை நல்லா மடக்கி மடக்கி விரிங்க" என்பார் லேபில் இருக்கும் அக்கா. அவர் தேடுவது நரம்பை இல்லை, சிரையை. அதாவது ரத்தக் குழாயை. தப்பித்தவறி ஊசி நிஜமான நரம்பில் பட்டுவிட்டால் விரல் நுனிவரை ஷாக் அடித்த மாதிரி ஒன்று பாயும். கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவீர்கள்.

அந்த அக்காவைக் குறை சொல்ல முடியாது. நம் பேச்சில் புறங்கையில் புடைத்துத் தெரியும் நீலக் குழாயும் நரம்புதான். கழுத்து சுளுக்கினால் 'நரம்பு இழுத்துக்கிச்சு'. வெற்றிலையில் காம்போடு சேர்த்துக் கிள்ளி எறிவதும் நரம்பு. சங்கப் பாடல்களைத் திறந்தால் அங்கே நரம்பு யாழில் கட்டிய தந்தி. நீளமாக, இழுத்துக் கட்டியது போல எது இருந்தாலும் தமிழுக்கு அது நரம்பு. மருத்துவம் அந்தச் சொல்லை எடுத்து ஒரே ஒரு பொருளுக்கு ஒதுக்கிக்கொண்டது பிற்பாடு.

அந்த ஒரு பொருள் எப்படி இருக்கும்? நீலமாக இருக்காது, வெளிர் வெள்ளையாக, ஈரமான நூல்கயிறு போல இருக்கும். குழாயும் கிடையாது, அதற்குள் எதுவும் பாய்வதில்லை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் நூற்றுக்கணக்கான, பெரிய நரம்பாக இருந்தால் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பு சுண்டுவிரல் பருமன் இருக்கும். ஒவ்வொரு இழையும் உயிருள்ள ஒரு செல்லின் வால். கால் விரலை அசைக்கும் செல் கீழ்முதுகுப் பக்கம், தண்டுவடத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதன் வால் ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்கிப் பாதத்துக்குப் போகிறது. செல் என்றால் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் புள்ளி என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? இந்தச் செல்லின் உடலும் புள்ளிதான். வால்தான் ஒரு மீட்டர்.

வால் உள்ள இந்தச் செல்லுக்கு நியூரான் என்று பெயர். வாலை ஆக்சான் என்பார்கள். இந்தக் கட்டுரைக்கு 'இழை' போதும்.

சுரீர், அப்புறம் எரிச்சல்

போன வாரம் தோசை திருப்பும்போது கரண்டி வழுக்கி என் நடுவிரல் கல்லில் பட்டது. நடந்தது மொத்தமே ஒன்றரை விநாடி. முதலில் கை பின்னால் வந்துவிட்டது. நான் இழுக்கவில்லை, அதுவாக வந்தது. பிறகு 'சுரீர்'. 'ஸ்ஸ்' என்று விரலை உதறுகிற நேரத்தில், மெதுவாக ஏறி வந்தது எரிச்சல். வந்தது அரைமணி நேரம் போகவில்லை. நரம்பு மண்டலத்தின் முக்கால் பாடம் இந்த ஒன்றரை விநாடிக்குள் இருக்கிறது. அதையே நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம்.

விரல் நுனித் தோலுக்குள் நரம்பிழைகளின் முனைகள் செடியின் சல்லிவேர் மாதிரி பரவிக் கிடக்கின்றன. அந்த முனைகளின் சுவரில் புரதத்தால் ஆன குட்டிக் கதவுகள் உண்டு. அவற்றில் ஒரு வகை, வெப்பம் சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் திறந்துகொள்ளும். இதற்கு டி.ஆர்.பி.வி.1 என்று பெயர். 1997இல் கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியஸ் என்பவரின் ஆய்வகம் இதைக் கண்டுபிடித்தது. 2021இல் அவருக்கு நோபல் பரிசு. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் தேடிப் போனது மிளகாயை. மிளகாயில் இருக்கும் கேப்சைசின் எந்தக் கதவைத் திறக்கிறது என்று தேடினார்கள்; கிடைத்த கதவு சூட்டுக்கும் அதே கதவாக இருந்தது.

ஆக, பச்சை மிளகாயைக் கடித்துவிட்டு 'வாய் எரியுது' என்கிறோமே, அது உவமை கிடையாது. நாக்கில் சுடுதண்ணீர் பட்டால் எந்தச் செய்தி மூளைக்குப் போகுமோ அச்சு அசலாக அதே செய்திதான் மிளகாயைக் கடித்தாலும் போகிறது. கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் அந்த நேரத்தில் ஒரு சொம்புத் தண்ணீரைவிட ஒரு கரண்டித் தயிர் மேல். பறவைகளிடம் இருக்கும் இதே கதவு சூட்டுக்குத் திறக்கும், கேப்சைசினை மட்டும் கண்டுகொள்ளாது. பழுத்த மிளகாயைக் கிளி ஆற அமரக் கொறிப்பது இதனால்தான்.

உப்பும் சரவெடியும்

கதவு திறந்தது. அடுத்து என்ன? இங்கேதான் பெரும்பாலான விளக்கங்கள் 'மின்சாரம் பாய்கிறது' என்று ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. கரண்ட் வயர் மாதிரி என்று நினைத்துக்கொண்டு நாமும் தலையாட்டுகிறோம். வயர் மாதிரி கிடையவே கிடையாது.

நரம்பிழைக்கு வெளியே இருக்கும் நீரில் சோடியம் அதிகம். நம் சமையல் உப்பில் இருக்கும் அதே சோடியம்தான். உள்ளே பொட்டாசியம் அதிகம். இந்த ஏற்றத்தாழ்வு தானாக வந்ததில்லை. இழையின் சுவர் முழுக்க குட்டி பம்புகள் இருக்கின்றன. ஒரு சுற்றுக்கு 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். இரவும் பகலும், நாம் தூங்கும்போதும், இதுவே வேலை. இதன் விளைவாக, வெளியே இருப்பதைவிட உள்பக்கம் மின்னழுத்தம் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். டிவி ரிமோட்டில் போடும் பேட்டரி 1.5 வோல்ட், அதில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு சின்ன அழுத்தத்தில்தான் நம் நினைப்பு, நடை, வலி எல்லாம் ஓடுகின்றன.

இழை நெடுக சோடியக் கதவுகள் வரிசையாக இருக்கின்றன. முனையில் சூட்டுக் கதவு திறந்து உள்ளழுத்தம் கொஞ்சம் மாறியதும் பக்கத்திலிருக்கும் சோடியக் கதவு படக்கென்று திறக்கும். வெளியே நெரித்துக்கொண்டு நிற்கும் சோடியம் உள்ளே பாயும். அந்த இடத்தில் அழுத்தம் தலைகீழாக மாறும். அந்த மாற்றம் அதற்கடுத்த கதவைத் திறக்கும், அது அதற்கடுத்ததை. ஓர் இடத்தில் இந்தக் கூத்து முழுவதும் ஒன்றிரண்டு மில்லிவிநாடியில், அதாவது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். உடனே பொட்டாசியம் வெளியேறி அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பும்.

தீபாவளிக்கு ஆயிரம் வாலாவைத் தெருவில் விரித்துப் பற்ற வைக்கிறோம் அல்லவா, அதுதான் இது. ஒரு முனையில் வைத்த நெருப்பு மறுமுனைக்குப் போகிறது. ஆனால் எந்த வெடியும் தன் இடத்தை விட்டு நகர்வதில்லை. போகப் போக நெருப்பின் வேகமும் குறைவதில்லை, சத்தமும் குறைவதில்லை. கடைசி வெடியும் முதல் வெடியின் அளவுக்கே வெடிக்கும். ஒரு வித்தியாசம்: நரம்பில் வெடித்த வெடி அடுத்த மில்லிவிநாடியில் புது வெடியாகிவிடுகிறது. திரும்பவும் பற்ற வைக்கலாம், ஒரு விநாடிக்குப் பல நூறு முறை.

சரவெடியிலிருந்து இன்னொன்றும் புரியும். ஒரு வெடி வெடிக்கும் அல்லது வெடிக்காது; பாதி வெடிப்பது கிடையாது. நரம்பிழையும் அப்படித்தான். லேசாகச் சுட்டாலும் பலமாகச் சுட்டாலும் ஒவ்வொரு துடிப்பும் ஒரே அளவுதான். பிறகு எப்படி மூளைக்கு வித்தியாசம் தெரிகிறது? பலமாகச் சுட்டால் துடிப்புகள் அடுத்தடுத்து நெருக்கமாக வரும், இன்னும் பல இழைகள் சேர்ந்துகொள்ளும்.

இதையெல்லாம் அளந்து சொன்னவர்கள் இங்கிலாந்தின் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவர். அளப்பதற்குப் பயன்பட்டது கணவாய் மீன். அதன் உடலில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள ராட்சத இழை ஒன்று உண்டு. ஆபத்து வந்தால் தண்ணீரைப் பீய்ச்சித் தப்பிப்பதற்கான இழை அது. அவ்வளவு பருமன் இருந்ததால்தான் அதற்குள் மின்முனையைச் செருக முடிந்தது. 1939இல் தொடங்கிய வேலை உலகப் போரால் நின்றுபோய், 1952இல் கணக்கோடு வெளிவந்தது. 1963இல் நோபல். மீன்கடையில் கணவாய் வாங்கும்போது அதற்கு ஒரு வணக்கம் வைக்கலாம். குழம்பு வைப்பதில் தடை ஒன்றுமில்லை.

பல் பிடுங்குவதற்கு முன் போடும் ஊசி செய்வது, இந்தச் சோடியக் கதவுகளை அடைத்துவிடுவதுதான். லிக்னோகெய்ன் மருந்து பட்ட இடத்தில் சரவெடி நமத்துப்போகிறது. பல்லில் காயம் நடக்கிறது, முனையில் நெருப்பும் பற்றுகிறது, நடுவழியில் அணைந்துவிடுகிறது. உதடு இட்லி மாதிரி வீங்கிவிட்டதாகத் தோன்றி, கண்ணாடியில் பார்த்தால் வீங்கியிருக்காது. அங்கிருந்து மூளைக்கு வழக்கமான தகவல் வராததால் வரும் குழப்பம் அது.

எவ்வளவு வேகம்?

மனம் நினைத்ததும் விரல் அசைகிறது, ஆகவே நரம்பின் வேகம் மின்னல் வேகம் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். அதை அளக்கவே முடியாமல் போகலாம் என்று சொன்னவர் ஜெர்மனியின் பெரிய உடலியல் அறிஞர் யோஹானஸ் ம்யூலர். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850 வாக்கில் தவளையின் கால் நரம்பை வைத்து அளந்தே காட்டினார்: விநாடிக்குச் சுமார் 27 மீட்டர். மணிக்கு நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மின்னல் எங்கே, இது எங்கே! நம் எக்ஸ்பிரஸ் ரயில் இதை முந்தும்.

மனித உடலில் எல்லா இழைகளுக்கும் ஒரே வேகம் இல்லை. தசையை அசைக்கும் பருத்த இழைகளில் விநாடிக்கு 100 மீட்டருக்கு மேலும் போகும். இவற்றின்மேல் மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றுச்சுற்றாகப் போர்த்தியிருக்கிறது. மில்லிமீட்டர் அளவு இடைவெளியில் உறை விட்டுவிட்டு இருக்கும். துடிப்பு ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு போகாமல், உறை இல்லாத இடத்திலிருந்து உறை இல்லாத இடத்துக்குத் தாவிப் போகும். எல்லா ஸ்டாப்பிலும் நின்று போகும் டவுன் பஸ்ஸுக்கும் பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம். உறையே இல்லாத மெல்லிய இழைகளில் விநாடிக்கு ஒரு மீட்டர் போனால் அதிகம். நாம் நடக்கும் வேகம்!

இப்போது என் விரலுக்கு வருவோம். சூட்டு வலியை எடுத்துப் போக இரண்டு வகை இழைகள் இருக்கின்றன. லேசாக உறை போட்ட ஒன்று, விநாடிக்கு 20 மீட்டர் போல ஓடும். விரலிலிருந்து தண்டுவடம் ஒரு மீட்டர் தூரம் என்றால் ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கில் போய்ச் சேர்ந்துவிடும். அதுதான் 'சுரீர்'. உறை இல்லாத இன்னொன்று அதே நேரத்தில்தான் கிளம்பியது. நடந்து வந்து சேர ஒரு விநாடி ஆகிவிட்டது. அதுதான் 'எரிச்சல்'. கால் கட்டைவிரலை நிலைப்படியில் இடித்துக்கொண்டால் பாதை இன்னும் நீளம். இடித்த அதிர்ச்சிக்கும் வலி முழுசாக ஏறுவதற்கும் நடுவே ஒரு அசட்டு நிசப்தம் வருமே, 'ஐயோ, இதோ வரப்போகுது' என்று காத்திருப்போமே, அந்தக் காத்திருப்பு இந்த நடைராஜாக்களுக்காக. உடலியல் புத்தகங்கள் முதல் வலி, இரண்டாம் வலி என்று எண் போட்டுச் சொல்வதற்குத் தமிழில் ஏற்கெனவே பெயரே இருக்கிறது.

கையை இழுத்தது யார்?

சுரீர் என்பது மூளைக்குத் தெரிவதற்கு முன்பே என் கை கல்லை விட்டு வந்துவிட்டது. அந்த உத்தரவு போனது தண்டுவடத்திலிருந்து. முதுகெலும்புக்குள் பத்திரமாக இருக்கும் இந்த வடம் சுமார் 45 சென்டிமீட்டர் நீளம். அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. வலிச் செய்தி உள்ளே வந்ததும் அங்கேயே ஓர் இடைத்தரகர் நியூரான் வாங்கி, கையை மடக்கும் தசையின் நியூரானிடம் கொடுத்துவிடுகிறது. மூளைக்கு நகல் போகிறது, அவ்வளவுதான். வீட்டில் பாம்பு வந்தால் ஊராட்சித் தலைவரைக் கேட்டுக்கொண்டா அடுப்பங்கரையை விட்டு ஓடுகிறோம்?

வெறுங்காலோடு நடக்கையில் நெருஞ்சி முள் குத்தினால் இது இன்னும் அழகாகத் தெரியும். குத்திய கால் மேலே வரும். அதே நொடியில் மற்ற கால் விறைத்து நின்று உடம்பின் எடை முழுவதையும் வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் முள்ளிலிருந்து காலை எடுத்த கையோடு தடாலென்று விழுந்திருப்போம். இரண்டு காலுக்கும் தனித்தனி உத்தரவு, யோசிக்காமலே, தண்டுவடத்திலிருந்து.

அதற்காகத் தண்டுவடம் வைத்ததே சட்டம் என்றும் இல்லை. சுடுகிற ரசப் பாத்திரத்தைத் துணி இல்லாமல் தூக்கிவிட்டீர்கள். பாதி வழியில் சுடுகிறது. போட்டால் ரசம் காலில் கொட்டும், பக்கத்தில் குழந்தை வேறு உட்கார்ந்திருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு மேடைவரை கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் கையை உதறுவீர்கள். அந்த நாலு விநாடியும் மூளை மேலிருந்து 'பொறு, பொறு' என்று தண்டுவடத்தை அடக்கிவைக்கிறது.

இடித்த இடத்தை அம்மா தேய்த்துவிட்டால் வலி குறைவதும் தண்டுவட விவகாரம்தான். தொடுதலைச் சொல்லும் பருத்த இழைகள் துடித்தால், வலி இழைகள் மேலே அனுப்பும் செய்தியைத் தண்டுவடம் கொஞ்சம் மட்டுப்படுத்தும். மெல்சாக், வால் என்ற இருவர் 1965இல் இதை ஒரு 'வாசல்கதவு' என்று விளக்கினார்கள். விவரங்கள் பின்னால் நிறைய மாறின, அடிப்படை நின்றுவிட்டது. (சுட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம்.)

நடுவில் ஒரு இடைவெளி

இடைத்தரகரிடம் செய்தியைக் 'கொடுக்கிறது' என்றேன். எப்படிக் கொடுக்கிறது? இதை வைத்து ஒரு பெரிய சண்டையே நடந்தது. இத்தாலியின் கோல்ஜி, நரம்புகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலை என்றார். ஸ்பெயினின் ரமோன் இ கஹால், கோல்ஜி கண்டுபிடித்த அதே வெள்ளிச் சாயத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, இல்லை, ஒவ்வொன்றும் தனித்தனிச் செல் என்றார். 1906இல் நோபல் பரிசை இருவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். மேடையில் நின்று கோல்ஜி, கூட நின்றவரின் கருத்து தவறு என்றே உரையாற்றினார். கஹால் சொன்னதுதான் சரி. ஒரு நியூரானின் முடிவுக்கும் அடுத்ததன் தொடக்கத்துக்கும் நடுவே தலைமுடிப் பருமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி இருக்கிறது. இதற்கு சினாப்ஸ் என்று பெயர்.

அந்த இடைவெளியைத் துடிப்பு எப்படித் தாண்டுகிறது என்று கண்டவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருந்த ஓட்டோ லோவி. ஈஸ்டர் சமயத்தில் ஒரு நாள் நடுராத்திரி கனவில் அவருக்கு ஒரு சோதனை தோன்றியது. எழுந்து துண்டுச் சீட்டில் கிறுக்கிவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை. அடுத்த ராத்திரி மூன்று மணிக்கு மறுபடி அதே கனவு. இந்தத் தடவை எழுதுகிற வேலை வைத்துக்கொள்ளவில்லை, நேராக ஆய்வகத்துக்குப் போய்விட்டார். இரண்டு தவளை இதயங்கள். ஒன்றின் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவாயிற்று. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். யாரும் தொடாத அந்த இதயமும் மெதுவாயிற்று. ஆக நரம்பு, ஏதோ ஒரு வேதிப்பொருளைத்தான் விடுகிறது. 1921இல் வெளியான முடிவு இது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். 1936இல் இதற்கும் நோபல்.

துடிப்பு இழையின் முடிவுக்கு வந்ததும் அங்கே குட்டிக் குமிழிகளில் அடைத்து வைத்திருக்கும் வேதிப்பொருள் இடைவெளியில் கொட்டும். எதிர்க்கரையில் அதற்கென்றே இருக்கும் பூட்டுகளில் போய் விழும். அங்கே புதிய சரவெடி பற்றிக்கொள்ளும். சில வேதிப்பொருள்கள் பற்ற வைக்காமல் அணைக்கவும் செய்யும். டோபமின், செரடோனின் எல்லாம் இந்த வகையறாதான். 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று யூட்யூபில் சொல்வதை நம்பாதீர்கள். ஒரே பொருள், விழுகிற பூட்டைப் பொறுத்து வெவ்வேறு வேலை செய்யும். டோபமின் குறைந்தால் வரும் பார்க்கின்சன் நோயில் முதலில் கண்ணில் படுவது கைநடுக்கமும் நடை தளர்வும்.

இந்த இடைவெளி எவ்வளவு முக்கியம் என்று தெரிய வேண்டுமானால் பாம்பைக் கேட்க வேண்டும். நல்லபாம்பின் விஷத்தில் இருக்கும் நச்சு, தசையின் மேல் உள்ள அசிட்டைல்கோலின் பூட்டுகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நரம்பு கொட்டுகிறது, விழ இடமில்லை. கட்டுவிரியன் வேறு மாதிரி: அதன் நச்சு, கொட்டுகிற முனையையே நாசம் செய்கிறது. இரண்டிலும் முதலில் இமை தொங்கும். பிறகு விழுங்க முடியாது, பேச முடியாது. கடைசியில் மூச்சு விடும் தசை நிற்கும். கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல சமயம் வலிக்கவே வலிக்காது. விடியற்காலையில் 'வயிறு வலிக்குது, கண்ணைத் திறக்க முடியல' என்று ஒருவர் சொன்னால் பாம்புக்கடியை நினைக்க வேண்டும் என்று மருத்துவர்கள் படிப்பது அதனால்தான். முனைகள் ஒருமுறை நாசமாகிவிட்டால் விஷமுறிவு மருந்தால் அவற்றைத் திருப்ப முடியாது. புது முனைகள் வளரும்வரை, நாள்கணக்கில், வெண்டிலேட்டர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அந்த விஷமுறிவு மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இலிருந்து இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் முக்கியமானவர்கள்.

பூச்சிமருந்து அடிக்கும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். கொட்டிய அசிட்டைல்கோலினைக் கையோடு துடைத்து அள்ள ஒரு நொதி இருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் அந்தத் துடைப்பத்தை முடக்கிவிடும். அதனால் செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்: எச்சில் வழியும், கண்ணீர் வழியும், தசைகள் துள்ளும், கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கும்.

மேலே மூளையில்

என் வலது விரல் சுட்ட செய்தி தண்டுவடத்திலேயே பக்கம் மாறி, இடது மூளைக்குப் போனது. உத்தரவுகள் கீழே வருவதும் இப்படித்தான் பக்கம் மாறி. இடது மூளையில் ரத்தக் குழாய் அடைத்தால் வலது கை விழும், பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் சேர்ந்து குழறும். (வாய் கோணி, கை தூக்க முடியாமல், பேச்சுக் குழறினால் 'கொஞ்சம் படுத்து எழுந்தா சரியாயிடும்' என்று காத்திருக்கக் கூடாது. அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது.)

மூளையில் நியூரான்கள் சுமார் 8,600 கோடி. உடல் எடையில் 2 சதவீதம்; ஆனால் உடல் சும்மா இருக்கும்போது செலவாகும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்குப் போகிறது. அதில் பெரும்பங்கு, முன்னே சொன்ன உப்பு பம்புகளை ஓட்டவும் சினாப்ஸ் வேலைக்கும். வயதானவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு 'சோடியம் கொறைஞ்சுடுச்சாம், ஆளே அடையாளம் தெரியாம பேசுறாங்க' என்று வீட்டில் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். ரத்தத்தில் சோடியம் சடாரென்று குறைந்தால் தண்ணீர் மூளைச் செல்களுக்குள் புகுந்து அவை வீங்கும். குழப்பம், தூக்கம், சில சமயம் வலிப்பு வரும்.

மூளை, உடலை அதன் அளவுக்கேற்பப் பார்ப்பதில்லை. விரலுக்கும் உதட்டுக்கும் பெரிய இடம், முதுகுக்குச் சின்ன இடம். வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு தீக்குச்சிகளை அரை சென்டிமீட்டர் இடைவெளியில் பிடித்து, கண்ணை மூடியிருக்கும் ஒருவரின் விரல் நுனியில் வையுங்கள், 'ரெண்டு' என்பார். அதே குச்சிகளை முதுகில் வையுங்கள். சத்தியம் செய்து 'ஒண்ணுதான்' என்பார். முதுகில் எங்கே அரிக்கிறது என்று இன்னொருவரிடம் சொல்லிக் காட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுவது இதனால்தான்.

நம்மைக் கேட்காமல் ஓடும் பிரிவு ஒன்றும் உண்டு. இதயத் துடிப்பு, செரிமானம், வியர்வை, கண்பாவை எல்லாம் அதன் பொறுப்பு. அதில் இரண்டு கட்சிகள்: ஆபத்து என்றால் முடுக்கிவிடுவது ஒன்று, சாப்பிட்டுச் சாய்ந்தபின் ஆற்றிவைப்பது இன்னொன்று. பரீட்சை ஹாலில் வாய் வறண்டு, உள்ளங்கை வியர்த்து, 'வயித்துல புளியைக் கரைக்குது' என்றால் முதல் கட்சி ஆட்சியில் இருக்கிறது. வயிறு அந்தப் பேச்சில் வருவதும் பொருத்தம்தான். குடலின் சுவரில் மட்டும் 10 கோடிக்கு மேல் நியூரான்கள் இருக்கின்றன. மூளையிலிருந்து வரும் நரம்பை வெட்டிவிட்டாலும் அவை பாட்டுக்குக் குடலை நடத்திக்கொண்டிருக்கும்.

வலிக்கவில்லை என்றால்

முழங்கையின் உள்பக்கத்தை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை ஷாக் அடிக்கும். அல்நார் நரம்பு அங்கே தோலுக்கு வெகு அருகில், எலும்புமேல் ஓடுகிறது. தொழுநோய்க் கிருமிக்குப் பிடித்த இடங்களில் அது ஒன்று. அந்தக் கிருமி உடலின் குளிர்ந்த, மேலோட்டமான பகுதிகளை விரும்பும், மயலின் உறையை உண்டாக்கும் செல்களுக்குள் புகுந்து வாழும். நரம்பு செத்தால் விரல்கள் வளைந்து விறைக்கும், உணர்ச்சி போய்விடும்.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தபோது, நோயினால் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்றுதான் பொதுவாக நம்பினார்கள். அவர் கவனித்தது வேறு. துரு ஏறித் தன்னால் திருக முடியாத ஒரு பூட்டை, நோயாளியான ஒரு சிறுவன் சர்வசாதாரணமாகத் திறந்தான். பார்த்தால் சாவி அவன் விரலை எலும்புவரை அறுத்திருந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. சிலருக்கு ராத்திரியில் விரல் துண்டு காணாமல் போனது. விழித்திருந்து பார்த்தபோது எலி கொறித்துக்கொண்டிருந்தது, படுத்திருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். அதன்பிறகு வீடு திரும்புகிறவர்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்களாம். விரல்களைத் தின்றது நோய் அல்ல, வலி இல்லாததால் வந்த தினசரிக் காயங்கள். விறைத்த விரல்களை நிமிர்த்த, வேலை செய்யும் தசையின் தசைநாணை மாற்றிக் கட்டும் அறுவை சிகிச்சையை அவர் அங்கேதான் செய்தார்.

தொழுநோய் இன்று மாத்திரையால் குணமாகும் நோய். நரம்பை அதே மாதிரி மெல்லக் கொல்லும் வேலையை இப்போது நம் ஊரில் அதிகம் செய்வது சர்க்கரை நோய். நீளமான இழைகள் முதலில் அடிபடும் என்பதால் அது கால் விரலில் தொடங்கி மேலே ஏறும். முதலில் எரிச்சல், எறும்பு ஊர்கிற மாதிரி, பஞ்சின்மேல் நடக்கிற மாதிரி. அப்புறம் ஒன்றுமே இல்லாமல் போகும். செருப்பு கழன்றது தெரியாமல் நடந்து போகிறவர்கள் உண்டு. வெட்டுப்பட்ட நரம்பு, உறை சரியாக இருந்தால் நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் போல வளரும். சர்க்கரையில் போன இழை அப்படி லேசில் திரும்புவதில்லை. மருந்துக்கடையில் 'நரம்பு மாத்திரை' என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் பி வைட்டமின். அந்தக் குறை இருந்தால் உதவும், சர்க்கரையைக் குறைக்காது.

எங்கள் பெரியப்பாவைப் பாதப் பரிசோதனைக்குக் கூட்டிப்போயிருந்தேன். டாக்டர் கையில் ஒரு கட்டை நைலான் இழை. தோலில் வைத்து அழுத்தினால் சரியாக 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும்படி செய்தது. கண்ணை மூடிக்கொண்டு, பட்டதும் 'படுது' என்று சொல்ல வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இழை கட்டைவிரலில் வளைந்தது, அதற்கடுத்து மூன்றாம் விரலின் அடியில், பிறகு குதிகாலுக்குச் சற்று முன்னே. பெரியப்பா கண்ணைத் திறக்காமல், "நான் ரெடி டாக்டர், ஆரம்பிங்க" என்றார்.